மீனைப் பற்றிப் படிக்க மூன்று மீன் போதும்

மீன்களைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் பெயர்ப் பட்டியலில் தொடங்கிப் பாதியில் சலித்துவிடுகிறார்கள். சலிக்காமல் என்ன செய்யும்? உலகில் 35,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. முதலில் உடம்பைப் பார்க்கப் பழகுங்கள், பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

1. சந்தையில் மத்தி (சாளை), சீலா (ஊழி), கத்தாழை மூன்றையும் வாங்குங்கள். ஆயாமல் முழுசாகத் தரச் சொல்லுங்கள். கத்திரிக்கோல், இடுக்கி, ஸ்கேல் போதும்.

2. அறுப்பதற்கு முன்பே படம் எடுத்து, நீளத்தை அளந்துவிடுங்கள். வால் நுனி அடிக்கடி ஒடிந்திருக்கும். அதனால் வாய் நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை அளப்பதுதான் நம்பகம். அப்படியே விலாவையும் பாருங்கள். சீலாவில் தலை முதல் வால்வரை ஒரு கோடு ஓடும். நீரின் அசைவை உணரும் உறுப்பு அது. மத்தியின் உடம்பில் அந்தக் கோடு கிடையாது.

3. இனிதான் விஷயமே. செவுள் மூடியை வெட்டி, ஒரு செவுளை வளைவோடு வெளியே எடுங்கள். சிவந்த இழைகள் மூச்சுக்கு. அதன் மறுபக்கத்தைப் பாருங்கள்: மத்தியில் மெல்லிய முட்கள் சீப்புப் பல் போல நெருக்கமாக நிற்கும். வாய் வழியாக வரும் நீர் வெளியேற, அதிலுள்ள நுண்ணுயிர்கள் இங்கே தங்கிவிடும். அதுதான் அதன் சாப்பாடு. சீலாவில் அதே இடம் கிட்டத்தட்ட மொட்டை. வாயைத் திறந்தால் காரணம் புரியும். மீனைக் குத்திப் பிடிக்கப் பற்கள் இருக்கும்போது வடிகட்டி எதற்கு? விரலை மட்டும் உள்ளே விடாதீர்கள், செத்த சீலாவும் கிழிக்கும்.

4. வயிற்றை மேலாக அறுங்கள். மத்தியின் குடல் நீண்டு சுருண்டிருக்கும், சீலாவுக்குக் குட்டை. சீலாவின் இரைப்பையில் பாதி செரித்த மீன் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

5. கடைசியாகக் கத்தாழை. செவுள்களை நீக்கி, மண்டையோட்டின் அடிப்பக்கத்தில் இருபுறமும் புடைத்திருக்கும் இடத்தை மெதுவாக உடையுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைக் கற்கள் வரும். மீனின் சமநிலைக்கும் கேட்கும் திறனுக்கும் உதவும் செவிக்கற்கள் இவை. மீன் வளர வளர இவற்றில் வளையங்கள் சேரும், அதை வைத்து வயதைக் கணிப்பார்கள். ஆனால் குளிர்க்கடல் மீன்களில் தெரிகிற அளவுக்கு நம் கடல் மீன்களில் ஆண்டு வளையம் தெளிவாக இருக்காது. அதனால் எண்ணிப் பார்த்துவிட்டு வயதை அடித்துச் சொல்லிவிடாதீர்கள். கல்லைக் கழுவி உலர்த்தி, காகித உறையில் போட்டு, மீனின் பெயர், நீளம், தேதி, வாங்கிய சந்தை நான்கையும் மேலே எழுதி வையுங்கள்.