ஈடிஐ இணைப்பில் பணம் எங்கே கரைகிறது: கொழும்பு வழங்குநர்களுக்கான கையேடு

கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பொத்தான், லேபல், நூல், அட்டைப் பெட்டி கொடுக்கும் கொழும்பு வழங்குநரிடம் "இனி ஓடர் எல்லாம் ஈடிஐ (இரு நிறுவனங்களின் கணினிகள் ஓடர், இன்வொய்ஸ் போன்றவற்றை நேரடியாகப் பரிமாறும் முறை) வழியாகத்தான்" என்று சொன்னதும், எல்லோரும் மென்பொருள் தேடத்தான் முதலில் ஓடுகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஃபைல் போகாமல் நின்றால் அன்றைக்கே தெரியும், திருத்திவிடலாம். ஃபைல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, அதிலுள்ள எண்ணை இரண்டு பக்கமும் இரண்டு விதமாக விளங்கிக்கொள்ளும்போதுதான் பெரிய நட்டம் வருகிறது.

முதலில் அலகு. பொத்தான் வியாபாரம் குரோஸ் கணக்கில் நடக்கிறது. 1 குரோஸ் 144 பொத்தான். எடிஃபாக்ட் (ஈடிஐ செய்திக்கான ஒரு சர்வதேச வடிவம்) ஓடரின் அளவு வரியில் மூன்று துண்டுகள் இருக்கும்: 21 (ஓடர் செய்த அளவு என்பதற்கான குறி), பிறகு 7200, பிறகு அலகுக் குறி. மூன்றாவது துண்டு கட்டாயமில்லை என்பதால் பலர் அதை வெறுமையாக அனுப்புகிறார்கள். வாங்குபவர் நினைத்தது 7,200 பொத்தான், அதாவது 50 குரோஸ். உங்கள் மென்பொருள் தன் வழக்கப்படி குரோஸ் என்று எடுத்துக்கொண்டால் 1,036,800 பொத்தான். சாயம் போட்டு முடித்த பொத்தானை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். துணியிலும் இதே கதைதான்: 1,000 யார் என்பது 914.4 மீற்றர். இந்த வித்தியாசம் சிறியது, அதனால் வெட்டும் மேசைக்குத் துணி போகும்வரை யாருக்கும் தெரியாது.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அவர்களது குறியீடு, உங்களது குறியீடு, ஓடர் அலகு, பொதி அலகு, இரண்டுக்கும் இடையிலான பெருக்கம். இதில் ஐடி ஆட்களின் கையொப்பம் போதாது; வாங்குபவர் பக்கத்து மேர்ச்சண்டைசரும் (ஓடர்களைக் கவனிப்பவர்) ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் போட வேண்டும். அலகு இல்லாத ஓடரை மென்பொருள் ஊகிக்காமல் நிறுத்திவைக்கும்படி அமைத்துவிடுங்கள்.

அடுத்தது மாற்று ஓடர், அதாவது முன்பு கொடுத்த ஓடரைத் திருத்தும் செய்தி. அதில் 200 என்று வந்தால் அது புதிய மொத்தமா, கூட்ட வேண்டிய அளவா, இன்னும் வர வேண்டிய மிச்சமா? வாங்குபவருக்கு வாங்குபவர் மாறும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்12 (இன்னொரு ஈடிஐ வடிவம்) முறையில் 997 என்ற எண்ணுள்ள பதில் செய்தி வந்துவிட்டால் ஓடர் ஏற்கப்பட்டது என்று நினைப்பது பரவலான தவறு. ஃபைலின் வடிவம் சரி என்பதை மட்டுமே அது சொல்கிறது. விலை, அளவு, திகதி ஆகியவற்றுக்கு உங்கள் சம்மதத்தைச் சொல்வது 855 என்ற செய்தி. எடிஃபாக்டில் அந்த வேலையை ஓடர் பதில் செய்தி செய்கிறது.

பெட்டி லேபலில்தான் அதிகம் கவனம் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண் (அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரிய அடையாள எண்) உண்டு. லொறி போய்ச் சேருமுன் ஏஎஸ்என் செய்தியில் (என்ன சரக்கு வருகிறது என்ற முன்னறிவித்தல்) அதே எண் போயிருக்க வேண்டும். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 18 இலக்க எண்ணை எண்ணாகவே ஒட்டினால் கடைசி மூன்றும் 000 ஆகிவிடும். நூறு பெட்டிக்கும் ஒரே எண் வந்து நிற்கும். அந்தக் கலத்தை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் எக்செலையே இடையில் விடாதீர்கள். ஸ்கேனர் பிடித்தால் முன்னால் 00 சேர்ந்து 20 இலக்கமாக வரும். அந்த 00 லேபலுக்கு உரியது, எண்ணுக்கு உரியது அல்ல. நீக்கிவிட்டு ஏஎஸ்என்னில் போடுங்கள். எண் பொருந்தாவிட்டால் ஸ்டோர்ஸில் கையால் எண்ணுவார்கள், அதற்கான செலவை உங்கள் இன்வொய்ஸில் கழித்துக்கொள்வார்கள்.

இன்வொய்ஸில் ஒரு சதமும் தகராறு செய்யும். வற் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். இன்வொய்ஸில் ரூபா 10.15 வீதம் மூன்று பொருட்கள்: ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முழுமைப்படுத்தினால் வற் 5.49, மொத்தத்தில் கணக்கிட்டால் 5.48. அந்த ஒரு சதத்துக்காகவே தானியங்கிப் பொருத்தம் இன்வொய்ஸை ஒதுக்கிவைக்கும். எந்த முறை என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை சதம் வரை விட்டுக்கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள்.

ஏஎஸ்2 (ஈடிஐ ஃபைலை இணையம் வழியே பாதுகாப்பாக அனுப்பும் முறை) சான்றிதழ் காலாவதியாகும் திகதியை இரு தரப்பு நாட்காட்டியிலும் 30 நாள் முன்னதாகக் குறியுங்கள். அது சித்திரைப் புத்தாண்டிலோ வெசாக்கிலோ விழுந்தால் கொழும்பில் ஒபிஸ் பூட்டியிருக்கும். வெளிநாட்டு வாங்குபவரின் ஓடர் மட்டும் வந்து தேங்கும். சர்வரைப் பழைய பிரதியிலிருந்து மீட்டால் கட்டுப்பாட்டு எண்ணை (அனுப்பும் ஒவ்வொரு ஃபைலுக்கும் போடும் தொடர் எண்) முன்நகர்த்திய பிறகே செய்தி அனுப்புங்கள். பழைய எண் திரும்பப் போனால் "ஏற்கெனவே வந்தது" என்று அந்தப் பக்கம் எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

சோதனைக்கு மாதிரி ஓடர் வேண்டாம். கடந்த மூன்று மாதத்தின் உண்மையான ஓடர்களில் ஐம்பதை எடுங்கள். அதில் ரத்தானது, பாதி அனுப்பியது, இருமுறை மாற்றியது, நிறுவனப் பெயரில் ஒற்றை மேற்கோள் குறி (') உள்ளது எல்லாம் கட்டாயம் இருக்கட்டும். எடிஃபாக்டில் அந்த ஒற்றைக் குறிதான் வரியை முடிக்கிறது. அதற்கு முன் கேள்விக்குறி போடாவிட்டால் முகவரி நடுவே ஃபைல் உடையும்.

பிறகு நான்கு வாரம் மின்னஞ்சல் ஓடரும் ஈடிஐயும் சேர்ந்தே ஓடட்டும். தினமும் காலை இரண்டையும் ஒருவர் பக்கத்தில் வைத்து அளவு, அலகு, திகதி மூன்றையும் ஒப்பிட வேண்டும். முதல் மூன்று லொறிகளுடன் உங்கள் ஆள் ஒருவர் ஸ்டோர்ஸ் வாசலுக்கே போய், அவர்களது ஸ்கேனர் காட்டும் எண்ணையும் பெட்டியின் மேலுள்ள எண்ணையும் சரிபார்க்கட்டும். அது ஒத்துப்போகும்வரை மின்னஞ்சல் ஓடரை நிறுத்தச் சம்மதிக்காதீர்கள்.