ஆக்சஸில் ஓடும் பழைய மென்பொருளை வெப்புக்குக் கொண்டுபோவது எப்படி

முதலில் ஸ்கிரீன் எழுத உட்காராதீர்கள். டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) கோப்பில் கிடப்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றத் தோன்றும், ஆனால் அப்படிச் செய்தால் கணக்கு உதைக்கும்போது தப்பு டேட்டாவிலா ஸ்கிரீனிலா என்று பிடிப்பது பெரிய பாடு. டேபிள்களை மட்டும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு ஏற்றி, ஓடிபிசி என்ற இணைப்பு வழியாகப் பழைய ஃபார்ம்களோடு இணையுங்கள். வேலை நிற்காது, 2 ஜிபி கோப்பு வரம்பும் அன்றைக்கே போய்விடும். பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் காலம்) இல்லாத டேபிள் இருந்தால் அதற்கு முன்பே ஒன்று போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இணைத்தபின் படிக்கலாம், திருத்த முடியாது.

ஏற்றும்போது கரன்சி காலங்களை (காலம் என்றால் இங்கே டேபிளின் நெடுவரிசை, column) நான்கு தசம இடங்களோடு, துல்லியமாகச் சேமிக்கும் நியூமரிக்காக வையுங்கள், தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். யெஸ்/நோ காலத்தில் ஆக்சஸ் 'ஆம்' என்பதை -1 என்று வைத்திருக்கும். நேரம் மட்டும் பதிந்த காலங்கள் 1899 டிசம்பர் 30 என்ற தேதியோடு வந்து நிற்கும். தானாக எண் போடும் ஆட்டோநம்பர் உள்ள டேபிளில், பழைய வரிசைகள் ஏறியதும் அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸைக் கடைசி எண்ணுக்கு நகர்த்துங்கள், இல்லாவிட்டால் புது பில் போடும்போது டூப்ளிகேட் கீ என்று திட்டும்.

நம் ஊர் டேட்டாவில் உண்மையான தலைவலி தமிழ்தான். ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் டேபிளுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவே. எந்த எழுத்துரு என்பது டேபிளில் இருக்காது, ஃபார்மில் அந்தப் பெட்டியின் ப்ராப்பர்ட்டியில் இருக்கும், அதனால் ஒவ்வொரு ஃபார்மையும் திறந்து எந்தக் காலம் பாமினி, எது டிஸ்கி, எது டேப் (இவையும் பழைய தமிழ்க் குறியீடுகள்தான்) என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இவற்றை யூனிகோடாக்கும் கருவிகள் உண்டு. ஆனால் ஒரே காலத்தில் சிலர் பெயரை ஆங்கிலத்திலும் அடித்திருப்பார்கள், மாற்றியில் விட்டால் அதுவும் தமிழ் எழுத்துகளாகச் சிதைந்துவிடும், அந்த வரிசைகளைக் கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மாற்றும் முன் இருந்த மூலத்தைப் பக்கத்திலேயே இன்னொரு காலத்தில் விட்டு வையுங்கள்.

அப்புறம்தான் ஸ்கிரீன். பல விதிகள் எந்த ஆவணத்திலும் இருக்காது, சேமிக்கும் முன் ஓடும் ஃபார்மின் பிஃபோர்அப்டேட் கோடில் ஒளிந்திருக்கும். அவற்றைச் சர்வர் பக்கம் எழுதுங்கள், பிரவுசரில் மட்டும் வைத்தால் போதாது. ஒரு ஃபார்ம் முடிந்ததும் மாதக் கடைசி ரிப்போர்ட்டைப் பழையதிலும் புதியதிலும் எடுத்து, பைசா வரை ஒத்து வந்தால் மட்டும் அடுத்த ஃபார்மைத் தொடுங்கள்.