என்எஃப்எல் ஆட்டத்தின் தரம் இறங்கிவிட்டதா? நீங்களே அளந்து பார்க்கும் முறை

"முன்ன மாதிரி ஆட்டம் இல்ல" என்ற புலம்பல் என்எஃப்எல் என்ற அமெரிக்க ஃபுட்பால் தொழில்முறை லீக்கின் ரசிகர்களிடம், சீசன் தொடங்கும் ஒவ்வொரு செப்டம்பரிலும் கேட்கும். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆடுபவர்களின் தரம் இறங்கியதா? பார்ப்பவர்களின் ஆர்வம் குறைந்ததா? இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். டிவி ரேட்டிங்கைக் காட்டி ஆட்டம் மட்டமாகிவிட்டது என்பவர்களால்தான் இந்த வாதம் முடியாமல் இழுக்கிறது.

ஸ்கோரை அப்படியே எடுக்காதீர்கள்

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் 1977ல் 17.2, 2020ல் 24.8, 2023ல் 21.8. தொடக்க ஆண்டாக 2020ஐ வைத்தால் சரிவு தெரியும். 1977ஐ வைத்தால் இப்போது பொற்காலம். இரண்டுமே கோணலான ஆண்டுகள். 1977ல் பந்தை வீசி முன்னேறும் பாஸ் ஆட்டம் படுத்தே விட்டது. அதனால்தான் ஐந்து யார்டுக்கு அப்பால், வீசிய பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் மேல் கை வைக்கக் கூடாது என்று 1978ல் விதியை மாற்றினார்கள். 2020 சீசனிலோ மைதானங்கள் பெரும்பாலும் காலி. கூட்டத்தின் இரைச்சல் இல்லாததால் வெளியூர் அணிக்கு, ஆட்டத்தை நடத்திப் பந்தை வீசும் தன் குவார்ட்டர்பேக்கின் குரல் தெளிவாகக் கேட்டது. எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்கான ஹோல்டிங் பெனால்டிகளும் வெகுவாகக் குறைந்தன.

மொத்தப் புள்ளிகளுக்குப் பதில் ஒரு டிரைவுக்கு எத்தனை புள்ளி என்று பாருங்கள். பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து போகும் வரை ஒரு டிரைவ். இதுதான் இந்த ஆட்டத்தின் ரன் ரேட். என்எஃப்எல்வெர்ஸ் திட்டத்தின் தரவுக் கோப்புகளில் 1999 முதல் ஒவ்வொரு பந்தின் விவரமும் இலவசமாகக் கிடைக்கிறது. கணக்குப் போடும் முன் மூன்று சுத்திகரிப்புகள் தேவை:

1. டிஃபென்ஸும், உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் ரிட்டர்ன் ஆட்டக்காரர்களும் எடுத்த டச் டவுன்களை (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) கழியுங்கள். பாதி முடியும்போது நேரம் கடத்த முழங்காலிட்ட டிரைவ்களையும் எடுத்துவிடுங்கள்.

2. சொந்தப் பக்கம் 20வது யார்டுக்கும் 30வது யார்டுக்கும் நடுவே தொடங்கிய டிரைவ்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண். தொடக்க உதையான கிக்காஃப், மைதானக் கோடியிலுள்ள எண்ட் ஸோனில் நேராக விழுந்து யாரும் எடுத்து ஓடாவிட்டால் 2023ல் பந்து 25வது யார்டில் வைக்கப்பட்டது. 2024ல் 30, 2025ல் 35. யாரும் முன்பைவிட நன்றாக ஆடாமலேயே பத்து யார்டு இனாம். புள்ளிகள் ஏறத்தான் செய்யும்.

3. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோலைத் தனி வரியில் எழுதுங்கள். 1970ல் டாம் டெம்ப்ஸி அடித்த 63 யார்டு சாதனையை மிஞ்ச 2013 வரை ஆயிற்று. ஜஸ்டின் டக்கர் 2021ல் 66 அடித்தார். 50 யார்டுக்கு மேல் அடிப்பது இன்று வாடிக்கை. பாதியில் நின்றுபோன டிரைவுக்கும் மூன்று புள்ளி கிடைப்பதால், உதைப்பவரின் திறமை மொத்த அணியின் திறமை போலத் தோன்றும். டச் டவுனில் முடிந்த டிரைவ் விகிதம்தான் நம்பத்தக்கது.

சீசன் மொத்தங்களை ஒப்பிடவே வேண்டாம். 1977 வரை 14 ஆட்டங்கள், 1978 முதல் 16, 2021 முதல் 17.

எண்ணில் வராதது: தடுப்பு வரிசை

பழைய ரசிகர்களின் புகாரில் நியாயம் இருப்பது இங்கேதான். 2011ல் வீரர் சங்கத்துடன் போட்ட ஒப்பந்தம் ஒரே நாளில் இரண்டு முறை கடும் பயிற்சி என்ற வழக்கத்தை நிறுத்தியது. சீசன் முழுவதற்கும் பேட் கட்டிய பயிற்சியை 14 ஆகக் குறைத்தது. உடம்புக்கு நல்லது, ஆனால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு ஆட்டம் மோதித்தான் பழக வேண்டிய வேலை. 2021ல் முன்சீசன் ஆட்டங்களும் நாலிலிருந்து மூன்றாயின. அதிலும் முக்கிய வீரர்கள் பலர் இறங்குவதில்லை.

இதைப் பார்க்க, இரு அணிகளின் 22 பேரும் தெரியும் ஆல்-22 கோணம் வேண்டும். அமெரிக்காவில் என்எஃப்எல் பிளஸ் பிரீமியம் சந்தாவில் கிடைக்கும். ஒரு குவார்ட்டர் முழுக்கப் பந்தை மறந்துவிட்டு, நடுவிலுள்ள ஐந்து பேரை மட்டும் பாருங்கள். எதிரணியின் இருவர் குறுக்கே இடம் மாறிப் பாயும்போது, வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் கார்டும் டேக்கிளும் ஆளைக் கைமாற்ற வேண்டும். தவறினால் இருவரும் ஒருவனையே துரத்துவார்கள். நடுவே கதவு திறந்தது போல ஒரு சந்து விழும். குவார்ட்டர்பேக் அடிபட்டு விழுவார், திட்டும் அவருக்கே. இப்படி விழும் சந்துகளை எண்ணுங்கள். ஒரே அணியின் முதல் நான்கு வாரங்களை 12 முதல் 15 வரையான வாரங்களோடு ஒப்பிடுங்கள். ஓர் ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு டேக்கிளுக்குக் காயம் என்றாலே கணக்கு குலையும்.

ஈர்ப்பை அளக்கும்போது அளவுகோலையும் பாருங்கள்

ஓர் ஆட்டத்துக்குச் சராசரி டிவி பார்வையாளர்கள் 2015ல் 1.81 கோடி, 2017ல் 1.49 கோடி, 2023ல் 1.79 கோடி. விழுந்து எழுந்த கோடு போலத் தெரிகிறது. ஆனால் பார், ஹோட்டல் போல வீட்டுக்கு வெளியே பார்ப்பவர்களை, டிவி பார்வையாளர்களைக் கணக்கிடும் நீல்சன் நிறுவனம் தேசிய ரேட்டிங்கில் சேர்க்கத் தொடங்கியது 2020ல். 2025ல் அந்தக் கணக்கை விரித்து, செட்-டாப் பாக்ஸ் தரவையும் சேர்த்தது. ஏற்றத்தில் ஒரு பங்கு தராசினுடையது. 2020க்கு முந்தைய எண்ணைப் பிந்தையதோடு நேராக ஒட்டாதீர்கள்.

அமெரிக்காவில் ஆண்டின் முதல் 100 டிவி ஒளிபரப்புகளில் என்எஃப்எல் பிடித்த இடங்கள் 2023ல் 93, 2024ல் 72. சரிவா? இல்லை, 2024ல் அதிபர் தேர்தலும் ஒலிம்பிக்ஸும் வந்தன. இந்த எண்ணைத் தேர்தல் ஆண்டுக்குத் தேர்தல் ஆண்டாகத்தான் வைத்துப் பார்க்க வேண்டும். மைதானக் கூட்டம் பெரிதாக உதவாது. அறிவிக்கப்படுவது டிக்கெட் எண்ணிக்கை, காலி நாற்காலி அதில் தெரியாது.

ஆட்டம் இழுக்கிறது என்பவர்களுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். பந்து பின்னே நிற்கும் குவார்ட்டர்பேக்கிடம் வந்ததும் அழுத்துங்கள், விசிலுக்கு நிறுத்துங்கள். மூன்று மணி நேர ஒளிபரப்பில் சுமார் 11 நிமிடம் தேறும். 2010ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அளந்தபோதும் அவ்வளவுதான் வந்தது. ஆகவே விளம்பரம் சலிப்பூட்டுகிறது என்றால் அது சரியான புகார், புதிய புகார் அல்ல. புதிதாக வந்த தொல்லை சந்தா: வியாழன் ஆட்டம் அமேசானில், கிறிஸ்துமஸ் ஆட்டம் நெட்ஃபிளிக்ஸில், உங்கள் ஊர்ச் சேனலில் வராத ஞாயிறு ஆட்டங்கள் யூடியூபில். உங்கள் அணியின் 17 ஆட்டங்களையும் அட்டவணையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சந்தா என்று குறித்துக் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது பள்ளிகள். 11 பேர் ஃபுட்பால் ஆடிய பையன்கள் 2008-09ல் 11 லட்சத்துக்கு மேல். 2018-19ல் சுமார் 10 லட்சம். மூளைக் காயம் பற்றிய பயம் இதில் தெரிகிறது. டிவி ரேட்டிங்கில் இது தெரிய வெகுகாலம் ஆகும்.