ஹெட்செட்டை விட்டு ஹெட்போனுக்கு மாறுகிறீர்களா? வாங்கும் முன் செய்ய வேண்டியவை

அக்கா மகன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். கையோடு தன் கேமிங் ஹெட்செட்டையும், அதாவது மைக்கோடு சேர்ந்து வரும் ஹெட்போனையும், கொண்டு வந்திருந்தான். காது மெத்தையின் ரெக்சின் உரிந்து, கழற்றும் போதெல்லாம் கன்னத்தில் கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டன. மைக் தண்டு நிற்காமல் தொங்கியது. "மாமா, புதுசு வாங்கணும். கேமும் நல்லா கேக்கணும், பாட்டும் நல்லா கேக்கணும். எது வாங்கட்டும்?" என்றான்.

இந்தக் கேள்விக்கு எடுத்ததும் ஒரு மாடல் பெயரைச் சொல்வது சுலபம். ஆனால் அவன் எங்கே உட்கார்ந்து விளையாடுகிறான் என்று தெரியாமல் எந்தப் பெயரைச் சொன்னாலும் தப்பாகத்தான் போகும். அதனால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த அதே வரிசையில் எழுதுகிறேன். மாடல் பெயர்கள் கடைசியில் வரும்.

படி 1: பழைய ஹெட்செட்டை ஒருமுறை ஒழுங்காகக் கேளுங்கள்

"பின்னாடி வர்றவன் காலடிச் சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியல" என்பதுதான் அவனுடைய முதல் புகார். அவன் ஆடுவது வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம். செட்டிங்கைத் திறந்து பார்த்தோம். கேமுக்குள் எச்ஆர்டிஎஃப் ஆன் செய்திருந்தான். ஹெட்செட்டோடு வந்த மென்பொருளிலும் 7.1 சரவுண்டு, அதாவது சுற்றிலும் ஸ்பீக்கர்கள் இருப்பதுபோல் காட்டும் வசதி, ஆனில் இருந்தது. கோளாறு அங்கேதான்.

ஒரு சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதை நம் மூளை மூன்று குறிப்புகளை வைத்துக் கண்டுபிடிக்கிறது. சத்தம் ஒரு காதுக்கு முன்னதாகவும் மறு காதுக்குச் சற்றுப் பின்னதாகவும் வந்து சேரும். ஒரு காதில் சற்று அதிகமாகவும் கேட்கும். அதோடு, காது மடலின் வளைவுகளில் பட்டு அதன் தன்மையே கொஞ்சம் மாறும். எச்ஆர்டிஎஃப் என்பது இந்த மூன்றையும் கணக்குப் போட்டு, இரண்டே ஸ்பீக்கர்களில் திசையைக் காட்டும் வித்தை. ஒருமுறை கணக்குப் போட்டு வந்த சத்தத்தின் மேல் இன்னொரு மென்பொருளும் கணக்குப் போட்டால், இரண்டும் கலந்து எல்லாம் குழம்பிவிடும்.

7.1 பட்டனை அணைத்து, விண்டோஸிலும் கேமிலும் ஸ்டீரியோ என்று வைத்தோம். பயிற்சி ஆட்டத்தில் அவன் நண்பனை வட்டமாக நடந்து வரச் சொன்னோம். இடது, பின்பக்கம், வலது என்று பிரிந்து கேட்டது. பழைய ஹெட்செட்டேதான்!

அதனால் நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். திசை காட்டும் வேலையை ஒரே ஒரு இடத்தில் மட்டும் விட்டுவையுங்கள். கேமுக்குள் அந்த வசதி இருந்தால் அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் விண்டோஸின் விண்டோஸ் சோனிக்கை ஆன் செய்து பாருங்கள், அது இலவசம். ஹெட்செட் மென்பொருளில் பேஸ் (அடிச் சத்தம்) கூட்டும் அமைப்பு ஏதாவது இருந்தால் அதையும் அணைத்துவிட்டு ஒரு வாரம் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் பாட்டு மந்தமாகவே கேட்டால், சரி, வாங்க வேண்டியதுதான். பெட்டியில் "7.1" என்று அச்சடித்திருப்பதற்காக மட்டும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

படி 2: நீங்கள் உட்காரும் அறையைக் கேளுங்கள்

இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

காதை மூடும் பெரிய ஹெட்போன்கள் இரண்டு வகை. முதுகுப் பக்கம் முழுக்க மூடியது க்ளோஸ்டு பேக். வலைபோல் திறந்திருப்பது ஓபன் பேக். திறந்த வகையில் சத்தம் காதை மூடும் கிண்ணத்துக்குள் அடைபட்டு எதிரொலிக்காது. அதனால் பாட்டு தலைக்குள் அமுங்காமல் கொஞ்சம் வெளியே விரிந்து கேட்கும், கேமிலும் வெளி பெரிதாகத் தெரியும். 1968-ல் சென்ஹைசர் நிறுவனம் எச்டி 414 மூலம் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டு வந்ததிலிருந்து, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர்களின் பிரியமான வகை இது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உள்ளே இருக்கும் சத்தம் வெளியே போகும், வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும். இணையத்தில் "கேமுக்கு ஓபன் பேக்தான்" என்று எழுதுபவர்களின் அறையும் நம் அறையும் ஒன்றல்ல. நம் தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தில் சுற்றுகிறது. கூடத்தில் டிவி ஓடுகிறது. குக்கர் விசில் அடிக்கிறது. விசிறியின் 'கும்' என்ற அடிச் சத்தம் ஓபன் பேக்கில் வரும் பேஸை அப்படியே மூடிவிடும். அதை ஈடுகட்ட நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். கூட்டினால் பக்கத்தில் படிக்கும் தம்பிக்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்.

வழக்கமாக விளையாடும் நேரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்தில், எதையும் காதில் மாட்டாமல் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காருங்கள். என்னென்ன கேட்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தனி அறை, ராத்திரி நேரம், விசிறி இரண்டில் என்றால் ஓபன் பேக் உங்களுக்குப் பெரிய சந்தோஷம் தரும். கூடம், பகல், ஆட்கள் நடமாட்டம் என்றால் யோசிக்காமல் க்ளோஸ்டு பேக் வாங்குங்கள். அக்கா மகன் தன் தம்பியோடு ஒரே அறையில் இருக்கிறான். அவன் பட்டியலில் ஏழு சத்தங்கள் இருந்தன. முடிவு அங்கேயே வந்துவிட்டது.

படி 3: காதுக்கும் தலைக்கும் பொருந்துகிறதா

இரண்டு மணி நேரம் மாட்டியிருக்கப் போகும் பொருள் இது. நம் வெயிலுக்கு ரெக்சின் மெத்தை வியர்த்துக் கொட்டும், இரண்டு மூன்று வருடத்தில் உரியவும் தொடங்கும். வெல்வெட் போன்ற துணி மெத்தை காற்றை விடும், நீண்ட நாள் உழைக்கும். மெத்தையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, மாற்று மெத்தை கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஹெட்போனில் முதலில் வீணாவது மெத்தையும் கேபிளும்தான். இரண்டையும் மாற்ற முடிந்தால் ஒரே ஹெட்போன் பத்து வருடம்கூட வரும்.

கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். க்ளோஸ்டு பேக்கில் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கி இடைவெளி விட்டால், அந்த வழியே பேஸ் கசிந்துவிடும். பாட்டு சன்னமாகக் கேட்கிறது என்று ஹெட்போனைக் குறை சொல்வோம். காரணம் நம் காதோரத்திலேயே இருக்கும்.

படி 4: எதில் செருகப் போகிறீர்கள்

பெட்டியில் ஓம் என்றும் டெசிபல் என்றும் இரண்டு எண்கள் இருக்கும். ஓம் அதிகமானால் அதே சத்தத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். டெசிபல் என்பது பெரும்பாலும் ஒரு மில்லிவாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். அரை வோல்ட் தரும் ஜாக்கில் 250 ஓம், 96 டெசிபல் ஹெட்போனைச் செருகுகிறீர்கள். அரையை அரையால் பெருக்கி 250-ஆல் வகுத்தால் 0.001 வாட், அதாவது ஒரே ஒரு மில்லிவாட். ஆக உச்ச சத்தமே 96 டெசிபல்தான். மெதுவான பாட்டில் வால்யூமை முழுதாக வைத்தும் "போதவில்லை" என்று தோன்றும். அதே ஜாக்கில் 32 ஓம், 96 டெசிபல் ஹெட்போனுக்கு எட்டு மில்லிவாட் அளவு போகும், சுமார் 105 டெசிபல் வரும். வித்தியாசம் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும்.

அதனால் லேப்டாப், போன், பிஎஸ்5 கன்ட்ரோலர் போன்றவற்றில் நேரடியாகச் செருகுபவர்கள் 32-லிருந்து 80 ஓம் வரை பார்த்தால் போதும். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் தனியாக வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 250, 300 பக்கம் போங்கள். முதல் ஹெட்போனுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தை ஹெட்போனிலேயே போடுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முன்பக்க ஜாக்கில் செருகி, மவுஸை அசைக்கும்போது 'ஜிஜி' என்று இரைச்சல் கேட்டால், அது பெட்டிக்குள் இருக்கும் மின் இரைச்சல் அந்த ஒயரில் ஏறுவது. பின்பக்க ஜாக்குக்கு மாற்றிப் பாருங்கள். அதிலும் இருந்தால் யுஎஸ்பி-யில் செருகி, ஹெட்போனை அதில் மாட்டும் சின்ன சவுண்டு டாங்கிள் ஒன்று வாங்கினால் தீரும்.

படி 5: மைக்கைத் தனியாக யோசியுங்கள்

ஹெட்செட்டின் விலையில் மைக், விளக்கு, மென்பொருள் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஹெட்போனில் அந்தப் பங்கு சத்தத்துக்கே போகிறது. ஆனால் குழுவோடு பேசி விளையாட மைக் வேண்டுமே. நண்பர்களோடு பேச மட்டும் என்றால் சட்டையில் குத்தும் காலர் மைக்கே போதும். விசிறிக் காற்று நேராக அடிக்காமல் பஞ்சு உறை போட்டுக் குத்துங்கள். மேசையில் வைக்கும் யுஎஸ்பி மைக் குரலைத் தெளிவாக எடுக்கும், ஆனால் கீபோர்டு தட்டுவதையும் சேர்த்து எடுக்கும். அதை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், கீபோர்டுக்கு முதுகு காட்டி வையுங்கள். கிண்ணத்தில் காந்தம் ஒட்டி மாட்டும் தண்டு மைக்கும் கிடைக்கிறது. ஹெட்செட் பழக்கம் விடாதவர்களுக்கு அது பிடிக்கும்.

அப்புறம் பின். மைக் பின்னை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் குறுக்கே கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அது போனுக்கான பின். கம்ப்யூட்டரில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளை இருந்தால், இடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். கடையில் வெறுமனே "ஸ்ப்ளிட்டர் கொடுங்க" என்று கேட்காதீர்கள். ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்பதற்கான ஸ்ப்ளிட்டரும் பார்க்க அப்படியே இருக்கும். நான் முதலில் அதைத்தான் வாங்கி வந்து, மைக் செத்துவிட்டது என்று ஒரு மாலை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். "மைக்குக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று பிரியணும்" என்று சொல்லிக் கேளுங்கள். அதில் மைக் படமும் ஹெட்போன் படமும் போட்டிருக்கும்.

படி 6: ஒயர் வேண்டாம் என்றால்

ப்ளூடூத்தை கேமுக்கு நம்ப வேண்டாம். சுட்ட பிறகு சத்தம் வரும். மைக்கை ஆன் செய்தால் கம்ப்யூட்டர் போன் பேசும் முறைக்கு மாறி, பாட்டு பழைய டெலிபோனில் கேட்பதுபோல் ஆகிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி டாங்கிளோடு வருபவற்றில் தாமதம் தெரியாது. ஆனால் அதே விலையில் ஒயர் உள்ளது நன்றாகப் பாடும்.

படி 7: காதால் தேர்ந்தெடுங்கள்

கடையில் போடும் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள். நூறு முறை கேட்ட உங்கள் பாட்டு மூன்றை போனில் எடுத்துப் போங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருக்கட்டும். எது கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடுகிறதோ அதுவே நல்லது என்று காது ஏமாந்துவிடும்.

நான் எப்போதும் எடுத்துப் போவது ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியவில்லை. தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்தில், உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கும்போது 'கும்' என்ற நாதம் வளைந்து மேலே ஏறுமே, அந்த வளைவு தெரிய வேண்டும். பல கேமிங் ஹெட்செட்டில் அது வெறும் 'தொம்' என்று விழும், ஏனென்றால் குண்டு வெடிப்பதற்காகப் பேஸை ஏற்றி வைத்திருப்பார்கள். அதே நேரம் வலது பக்கமான வலந்தலையில் விரல் விழுவது கூர்மையாக, ஆனால் காதைக் குத்தாமல் கேட்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று மூடாமல் கேட்கும் ஹெட்போனில் வெடிச் சத்தத்துக்கு நடுவே காலடிச் சத்தமும் மூடாது. கேமுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கேட்டு முடித்தபின் பாட்டை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் சும்மா மாட்டியிருங்கள். உச்சந்தலை வலித்தாலோ காது மடல் உள்ளே இடித்தாலோ வேண்டாம். ஆன்லைனில் வாங்குவதென்றால் ரிட்டர்ன் எத்தனை நாள் என்று பார்த்து, அந்த நாட்களுக்குள் இதையெல்லாம் வீட்டில் செய்யுங்கள்.

படி 8: சில பெயர்கள்

ஓபன் பேக்கில், பிலிப்ஸ் எஸ்எச்பி9500. 32 ஓம், எதில் செருகினாலும் பாடும். கேபிள் கழற்றலாம், ஆனால் மெத்தையை எளிதில் மாற்ற முடியாது. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் சென்ஹைசர் எச்டி 560எஸ். 120 ஓம். என்னிடம் இருப்பது இதுதான், ராத்திரியில் மட்டும் மாட்டுகிறேன். பின் பெரியது, சின்ன பின்னுக்கான அடாப்டர் பெட்டியிலேயே வரும்.

க்ளோஸ்டு பேக்கில் ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ், 35 ஓம். சத்தம் நேர்மையானது, மெத்தை வியர்க்கும். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80, 250 ஓம் வகைகள் துணி மெத்தையோடு வருபவை, தலைக்குச் சுகம். கேபிள் கழற்ற வராது. இது 32, 80, 250 ஓம் என்று ஒரே பெயரில் விற்கிறது. ஆர்டர் போடும் முன் எண்ணை இரண்டு முறை பாருங்கள். அக்கா மகன் எடுத்தது 80 ஓம். அதோடு ஒரு காலர் மைக்.

படி 9: முதல் இரண்டு வாரம்

புது ஹெட்போனில் பேஸ் குறைவாக இருப்பதுபோல் தோன்றும். பழைய ஹெட்செட்டின் வீங்கிய பேஸுக்குக் காது பழகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் சத்தத்தின் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் விண்டோஸுக்கு இருக்கிறது. அதில் எந்தப் பகுதியை 4 டெசிபல் ஏற்றினாலும், ப்ரீஆம்ப் என்ற மொத்தச் சத்த அளவை அதே 4 டெசிபல் இறக்குங்கள். இல்லாவிட்டால் சத்தம் உடையும்.

க்ளோஸ்டு பேக்கில் உங்கள் குரலே உங்களுக்கு அடைத்துக் கேட்கும், அதனால் தெரியாமல் கத்துவீர்கள். ஒரு பக்கக் கிண்ணத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் சரியாகும். வால்யூமை ஆட்டத்தின் நடுவே ஏற்றாமல், தொடங்கும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரம் முழுக்கச் சேர்த்தே 4 மணி நேரம்தான். அக்கா மகனின் கீபோர்டில் வால்யூம் பட்டன் பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் "35" என்று எழுதி வைத்திருக்கிறேன். அவன் அறையில், விசிறி ஓடும்போது, அந்த அளவில் காலடியும் கேட்கிறது, தொப்பியும் கேட்கிறது.