தொழிற்கல்விப் பிரிவுள்ள மேல்நிலைப் பள்ளிக்கு மாதச் செய்தி மடல் கொண்டுவரும் முறை

பள்ளிச் செய்தி மடல் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஆண்டு விழா மேடையில் சிறப்பு விருந்தினர் பொன்னாடை ஏற்கும் படந்தான். பொதுவான பள்ளிகளுக்கு அது போதுமானதாக இருக்கலாம். அடிப்படை இயந்திரவியலோ மின் பொறியியலோ நெசவியலோ செவிலியமோ வேளாண் அறிவியலோ படிக்கும் மாணவர்கள் உள்ள பள்ளிக்கு அது போதாது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் அதனுடன் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும், இப்பிரிவில் படித்தவர் அடுத்து எங்கெங்கே போகலாம் என்பது பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான இடம் என்றே இதை எண்ணுகிறார்கள். ஆகவே இத்தகைய பள்ளியின் மடலுக்குச் செய்தி எது என்று முடிவு செய்ய ஒரே அளவுகோல் போதும். அதைப் படிக்கும் மாணவரோ பெற்றோரோ ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் செய்யவேண்டிய செயல் அதில் இருந்தால் அது முதல் பக்கத்துக்கு உரியது. இல்லாவிட்டால் இடம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

மடலுக்கான குழுவைச் சிறியதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தொழிற்பிரிவிலிருந்தும் ஒரு மாணவர், ஒரு தொழிற்கல்வி ஆசிரியர், பிழை திருத்த ஒரு தமிழாசிரியர் ஆகியோர் போதும். அலைந்து செய்தி திரட்டும் வேலையைப் பதினோராம் வகுப்பினரிடம் கொடுப்பது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பினருக்கு டிசம்பருக்குப் பிறகு நேரம் இருக்காது. ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியரின் இடம் நிரப்பப்படாமல் இருக்கும் பள்ளிகளில், அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரையே ஆலோசகராக அழைக்கலாம். அவர்களில் பலர் மகிழ்ச்சியுடன் வருவார்கள், பழைய மாணவர்களின் தொலைபேசி எண்களும் பெரும்பாலும் அவர்களிடந்தான் இருக்கும். மாதத்தின் 25ஆம் நாளுக்குள் செய்திகள் கைக்கு வந்துவிட வேண்டும். அடுத்த மாத முதல் வாரத்தில் தாள் மாணவர் கைக்குப் போய்விட வேண்டும். ஒரு ஏ4 தாளின் இரு பக்கங்களுக்கு மேல் போகத் தேவையில்லை. பக்கம் கூடினால் அதை நிரப்புவதற்காகவே வாழ்த்துரைகள் நுழையும்.

முதல் பக்கத்தின் மேற்பாதியை மேற்படிப்பு, தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி ஆகிய இரண்டுக்கும் நிலையாக ஒதுக்கிவிடுங்கள். தொழிற்கல்விப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர் உரிய பாடப்பிரிவு இருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு அவருக்கு இரண்டாண்டில் முடிகிறது. பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்விலும் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை வழிகாட்டல் கூட்டத்தில் சொன்னால் பன்னிரண்டாம் வகுப்பினர் மட்டுமே கேட்பார்கள். மடலில் திரும்பத் திரும்ப வந்தால் பத்தாம் வகுப்பு மாணவரின் தாயும் படிப்பார். எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டயப் படிப்பு பொருந்தும் என்பதை அந்த ஆண்டுச் சேர்க்கைக் குறிப்பேட்டைப் பார்த்தே எழுத வேண்டும். சென்ற ஆண்டு மடலைப் பார்த்து நகல் எடுப்பது ஆபத்தானது.

தொழிற்பழகுநர் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம், ஏனெனில் குழப்பம் மிகுந்த இடம் அதுதான். தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1986இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களும் அதன் வரம்புக்குள் வந்தார்கள். தென் மாநிலங்களில் இவர்களுக்கான பயிற்சியை மேற்பார்வையிடுவது சென்னைத் தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். பயிற்சிக் காலம் ஓராண்டு. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் இவர்களுக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என வரையறுத்தன. இத்தொகை அவ்வப்போது மாறக்கூடியது என்பதால், ஒவ்வொரு முறையும் நடப்பு அறிவிக்கையைப் பார்த்து, அந்த அறிவிக்கையின் ஆண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும். இதனுடன் இன்னொன்றையும் தெளிவாக எழுதியாக வேண்டும். பழகுநர் என்பவர் வாரியத்தின் இணையதளத்தில் பதிவான ஒப்பந்தத்தின் கீழ்ப் பயிற்சி பெறுபவர். முடிவில் சான்றிதழ் பெறுபவர். ஒப்பந்தக்காரர் வழியாக ‘ட்ரெய்னி’ என்ற பெயரில் எடுக்கப்படுபவருக்கு இந்த இரண்டும் கிடைப்பதில்லை. தொழிற்பேட்டைகளின் வாசலில் இவ்விரு வகையினரும் ஒரே சீருடையில் நிற்பதால், வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு வேறுபாடு தெரியாது.

வேலைவாய்ப்பு அறிவிப்பு எதையும் வந்தபடியே அச்சிடக் கூடாது. புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் அறிவிப்புகளில் தேதியே இருக்காது. சில நேரங்களில் மூன்றாண்டுக்கு முந்தைய அறிவிப்பு புதிதுபோலத் திரும்பி வரும். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அலுவலகத் தொலைபேசியிலோ உறுதிசெய்த பின்னரே வெளியிடுங்கள். உறுதிசெய்த நாளையும் அடியில் குறியுங்கள். சேர்க்கைக்காகப் பணம் கேட்கும் எதற்கும் மடலில் இடம் தரக் கூடாது. வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் வேலைக்கு வெளிநாடு அனுப்புவதாகச் சொல்லும் முகவர்கள் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஐயம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருப்பதையும் வாசகருக்குச் சொல்லலாம். பள்ளியின் பெயர் தாங்கிய தாளில் வந்துவிட்டால், பெற்றோர் அதைப் பள்ளியின் உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் குழுவினர் மறக்கலாகாது.

இனி எழுதும் முறைக்கு வருவோம். ‘இயந்திரவியல் பிரிவு மாணவர்களின் தொழிற்சாலைப் பார்வையிடல் இனிதே நடைபெற்றது, மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்’ என்று எழுதினால் படித்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: ‘பம்பு உற்பத்திக் கூடத்தில் வார்ப்பிலிருந்து வந்த உறை லேத்தில் கடைசல் செய்யப்படுவதையும், அதன் துளை வெர்னியர் காலிப்பரால் அளக்கப்படுவதையும் மாணவர்கள் பார்த்தனர். அளவு தவறிய உறைகளைத் தனிக் கூடையில் சேர்த்து, காரணத்தைப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் அங்கு உள்ளது. நம் பட்டறையிலும் இம்மாதம் முதல் அவ்வாறு எழுதத் தொடங்கியுள்ளோம்.’ மாணவர் கண்டது, அளந்தது, திரும்பி வந்து செய்தது ஆகிய மூன்றும் இருந்தால் செய்தி தானே நிற்கும். ‘இனிதே’, ‘சிறப்பாக’, ‘வெகு விமரிசையாக’ ஆகிய சொற்களை அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள்; எஞ்சுவது ஒன்றுமில்லை என்றால் அந்தச் செய்தி இன்னும் எழுதப்படவில்லை.

அரசு விதி மாற்றங்களை எழுதும்போது, எந்த ஆண்டு முதல், யாருக்கு என்ற இரண்டையும் விடாமல் குறிக்க வேண்டும். பதினோராம் வகுப்புப் பொதுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2017–18ஆம் கல்வியாண்டில் வந்தது. 2025–26 முதல் நீக்கப்பட்டது. ‘+1 பொதுத் தேர்வு இனி இல்லை’ என்று மொட்டையாக எழுதினால், முந்தைய ஆண்டுகளில் அத்தேர்வை எழுதி ஒரு பாடத்தில் தவறிய மாணவர் தன் நிலை என்ன என்று கலங்குவார். அவருக்கான வழியைத் தேர்வுத் துறையின் அறிவிப்பைப் பார்த்து அடுத்த வரியிலேயே எழுதிவிடலாம். தேர்வில் தவறியவர்களின் பெயரையோ மதிப்பெண்ணையோ வெளியிட வேண்டியதில்லை. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பட்டறைச் செய்திகளுக்கு ஒரு நிலையான பத்தி இருக்க வேண்டும். எந்த இயந்திரம் பழுது, எப்போது சரியாகும், எந்தக் கருவி புதிதாக வந்தது, செய்முறைப் பதிவேட்டில் இம்மாதம் எத்தனை பயிற்சிகள் முடிந்திருக்க வேண்டும் என்பவற்றை அதில் எழுதலாம். லேத் நான்கு மாதங்களாக ஓடவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுவதே சரி என்பது என் கருத்து. பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களும் இடம்பெறுகிறார்கள். அவர்களில் ஒருவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் மெக்கானிக்காக இருக்கக்கூடும், செய்தி தெரிந்தால்தானே வந்து பார்ப்பார்?

படங்களில் கவனம் வேண்டும். முகக்கவசம் இல்லாமல் வெல்டிங் செய்யும் மாணவரின் படமோ, சுழலும் லேத்தின் அருகே துப்பட்டா தொங்க நிற்கும் மாணவியின் படமோ எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அச்சேறக் கூடாது. இளைய மாணவர்கள் அதைப் பார்த்து அப்படித்தான் செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்வார்கள். செவிலியப் பிரிவு மாணவியர் மருத்துவமனைக்குச் செல்லும்போது நோயாளியின் முகமோ படுக்கை அட்டையோ படத்தில் வரக் கூடாது. மாணவரின் படத்தையும் பெயரையும் வெளியிடப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் இருந்து வேலை முனை வரை தெரியும்படி கைகளை மட்டும் எடுத்த படம், குழுவாக நின்று எடுத்த படத்தைவிடப் பெரும்பாலும் நன்றாக இருக்கும். யாருடைய ஒப்புதலைத் தேடியும் ஓட வேண்டியதில்லை.

முன்னாள் மாணவர் பகுதியில் வெற்றிக் கதைகளை மட்டும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பட்டயம் முடித்து ஓசூரில் வேலை பார்ப்பவர், திருப்பூரில் பின்னலாடைத் தையல் பிரிவில் மேற்பார்வையாளராக இருப்பவர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுபவர், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியுடன் மாநிலம் மாநிலமாகச் செல்பவர் என அந்தந்த ஊரைச் சுற்றியுள்ள தொழிலோடு பொருந்திய வாழ்க்கைகளே மாணவருக்கு வேண்டியவை. முதல் சம்பளம் என்ன, எந்த ஆண்டில் உயர்ந்தது, எந்தப் பாடம் கைகொடுத்தது, எது பயன்படவில்லை என்று கேளுங்கள்; சம்பளத்தை அச்சிட அவர் விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். துறை மாறிப் போனவரிடமும் காரணம் கேட்கலாம். 1978இல் முதல் அணியாகப் பதினோராம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள். பழமையான பள்ளியாக இருந்தால் அவர்களில் ஒருவரையாவது இந்த ஆண்டே சந்தித்து, அன்றைய பட்டறை எப்படி இருந்தது, எந்தக் கருவிகளோடு தொடங்கினார்கள் என்று எழுதி வாங்கிவிடுவது நல்லது.

ஆண்டு நாட்காட்டியைப் பொறுத்தவரை சில மாதங்களுக்குப் பொருள் தானே அமைந்துவிடும். காமராசர் பிறந்த ஜூலை 15 தமிழகப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். ஐக்கிய நாடுகள் அவை 2014இல் உலக இளைஞர் திறன் நாளாக அறிவித்ததும் அதே ஜூலை 15தான். தொழிற்கல்விப் பள்ளிக்கு இரண்டும் ஒரு மேடையில் பொருந்தும். ஆயுத பூசைக்கு முந்தைய இதழில் வாழ்த்தைவிட எச்சரிக்கை முக்கியம்: மின் இணைப்பைத் துண்டித்த பிறகே இயந்திரங்களைக் கழுவ வேண்டும், இயந்திரப் பாகங்கள் நகரும் வழுக்குப் பரப்புகளில் சந்தனம் குங்குமம் பூசினால் மறுநாள் துடைத்து எண்ணெய் இட வேண்டும், எண்ணெய்க் கழிவின் அருகில் கற்பூரம் ஏற்றக் கூடாது. ஜனவரி இதழில் செய்முறைத் தேர்வு. மே மாத இதழே ஆண்டின் முக்கியமான இதழ். பாலிடெக்னிக், அரசு ஐ.டி.ஐ. ஆகியவற்றின் விண்ணப்ப நாட்கள் அதில் வர வேண்டும். பத்தாம் வகுப்போடு நிற்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக, அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் விலையில்லா மிதிவண்டியும் பேருந்து அட்டையும் கிடைப்பதை அதே இதழில் குறிப்பிடலாம்.

அச்சுக் கோப்பு வேலையை வெளியில் கொடுப்பதாக இருந்தால், யூனிகோடு எழுத்துருவில்தான் தட்டச்சு செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆயினும் பல டி.டி.பி. கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களே புழங்குகின்றன. அந்தக் கோப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்துப் புலனத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். எழுத்தின் அளவு சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்காக, முதல் பக்கத்தை ஒரு மாணவர் நிதானமாக வாசித்து மூன்று நிமிடக் குரல் பதிவாக அனுப்பலாம். கூலி வேலைக்குச் செல்வோர் மாலையில் கேட்டுக்கொள்வார்கள். தாள் செலவைப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஏற்றால் நன்றி ஒரு வரியில் போதும். தனிப்பயிற்சி நிலையங்களின் விளம்பரம் வேண்டாம்.

அச்சுக்குப் போகும் முன் தலைமையாசிரியர் ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட வேண்டும். செய்தியை எழுதாத வேறொருவர் தேதி, தொகை, தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் தனியாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இதழின் இரு படிகளைப் பள்ளி நூலகத்தில் கோப்பில் சேருங்கள். அதனுடன் யாரிடம் எந்தச் செய்தி வாங்கப்பட்டது, எந்த எண்ணில் உறுதிசெய்யப்பட்டது என்ற குறிப்புத் தாளையும் இணைத்துவிட்டால், ஜூனில் பொறுப்பேற்கும் புதிய குழு முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்காது.