குழந்தைகளின் மூளை உறைக் காசநோய்: கண்டறிவதில் நேரும் தவறுகள்

காய்ச்சல் ஒரு வாரமாக விட்டுவிட்டு வருகிறது. குழந்தை சரியாகப் பால் குடிப்பதில்லை, அவ்வப்போது வாந்தி, தூக்கி வைத்தாலும் சிணுங்கல். பல் முளைக்கிறது என்பார் பாட்டி. வயிற்றுக் கோளாறு என்று மருந்தும் கொடுத்தாகிவிடும். மூளை உறைக் காசநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

கழுத்து விறைப்பும் வலிப்பும் வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெருந்தவறு. அவை வரும்போது நோய் முற்றியிருக்கும். கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். அழாத நேரத்தில் நிமிர்த்திப் பிடித்து, உச்சிக்குழி புடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். புதிதாக மாறுகண் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு வாந்தியும் சோர்வும் ஐந்து நாட்களைத் தாண்டினாலே இந்த நோயை நினைக்க வேண்டும்.

“வீட்டில் யாருக்காவது டிபி உண்டா?” என்று கேட்டால் “இல்லை” என்றே பதில் வரும். பலருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லக் கூசுவார்கள். “இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யார்?” என்று கேளுங்கள். தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என எல்லோரையும் விசாரியுங்கள். கடந்த ஓராண்டில் வந்து தங்கிப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் பரிசோதனையையும்விட இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன்.

நோயைக் கண்டறிய முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பார்கள். நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயத்தில் பெற்றோர் மறுப்பதும் உண்டு. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது என்று அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். மூளையில் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி இருந்தால் முதலில் ஸ்கேன். நீர் எடுக்கும்போதே இரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ஒப்பிட்டால்தான் இந்த நோயில் நீரில் சர்க்கரை குறைந்திருப்பது புலப்படும்.

அடுத்து, ‘நெகட்டிவ்’ என்ற சொல் தரும் பொய்யான நிம்மதி. தண்டுவட நீரில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். நுண்ணோக்கியில் தெரியாமல் போவதே அதிகம். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையிலும் தவறலாம். கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவுக்கு வாரக்கணக்கில் ஆகும். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது. பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருப்பதும் அப்படித்தான். தடுப்பூசி ஆபத்தைக் குறைக்கிறது, முழுவதுமாக நீக்குவதில்லை.

காரணம் தெரியாத காய்ச்சலுக்கு லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகளைக் கொடுப்பதும் வேண்டாம். அவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கி, நோயை மறைத்துவிடும்.

நோயின் காலம், வீட்டு விசாரணை, நீரின் தன்மை, ஸ்கேன் ஆகியவை சேர்ந்து சந்தேகத்தை வலுப்படுத்தினால், முடிவுக்குக் காத்திராமல் காசநோய் மருந்துகளையும் ஸ்டீராய்டையும் தொடங்க வேண்டும். குழந்தை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது மருந்து தொடங்கியது என்பதைப் பொறுத்தே பின்னாளில் அது நடப்பதும் பேசுவதும் அமையும். அதே நாளில் வீட்டில் இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அங்கே இன்னொரு சிறு குழந்தையும் இருக்கலாம்.