16 வயதில் எல்.எல்.ஆர். எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஆர்.சி.யில் சி.சி. பாருங்கள்

கேரள-தமிழ்நாட்டு எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கம் பிளஸ் ஒன் சேர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லாம் "கியர் இல்லாத வண்டிதானே, 16 வயதிலேயே ஓட்டலாம்" என்ற பேச்சு இருக்கிறது. இது பாதிதான் உண்மை. அண்ணன் மகளுக்கு எல்.எல்.ஆர். (ஓட்டிப் பழகுவதற்கான உரிமம்) எடுத்துக் கொடுத்த கையோடு இதை எழுதுகிறேன்.

முதல் வேலை: ஆர்.சி.யை (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) எடுத்து இஞ்சின் சி.சி.யை, அதாவது இஞ்சின் கொள்ளளவைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 4-இன்படி 16 வயது முடிந்தவர் ஓட்டக்கூடியது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டி மட்டும்தான். கியர் இல்லை என்பது மட்டும் போதாது. ஊரில் எந்த மொபெட்டைப் பார்த்தாலும் டி.வி.எஸ். 50 என்றே சொல்கிறோம், ஆனால் எக்ஸ்.எல். 100 வண்டியின் இஞ்சின் 99.7 சி.சி., ஆக்டிவா ஏறக்குறைய 110. இரண்டுமே 18 வயதுக்குப் பிறகுதான். கையில் எல்.எல்.ஆர். இருக்கிறதே என்று இவற்றை ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு, பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோதான் பிடிக்கும்: 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, 12 மாதம் பதிவு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஒரு டியூஷன் போக்குவரத்துக்காக இவ்வளவையும் பணயம் வைக்காதீர்கள்.

சரி, 50 சி.சி. வண்டி இருக்கிறது என்றால், மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில், லைசென்ஸுக்கான சாரதி பகுதிக்குப் போய் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லையோர வீடுகளில் குழப்பம் வருவது இங்கேதான். குடியிருக்கும் மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது ஓட்டக் கற்றுக்கொள்ளும் டிரைவிங் ஸ்கூல் இருக்கும் மாநிலத்திலும் விண்ணப்பிக்கலாம். படிக்கிற பள்ளி பொள்ளாச்சியில் இருப்பது கணக்கில் வராது. எங்கே எடுத்தாலும் எல்.எல்.ஆர். நாடு முழுவதும் செல்லும், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வேறு சட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புரோக்கர் வேண்டாம் என்பதே என் கருத்து. போனில் போட்டோவும் கையெழுத்தும் ஏற்றுவது சிரமமாக இருந்தால் கேரள அரசின் இணைய சேவை மையமான அக்ஷயாவுக்குப் போங்கள்.

18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா, அம்மா அல்லது பாதுகாவலரின் எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். அவர்களும் நேரில் கூட வருவது நல்லது, கையெழுத்துக்காகத் திரும்ப ஒருமுறை அலைய வேண்டியிருக்காது.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் குறைந்தது 18 செ.மீ. சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். காகிதத்தில் அச்சடித்து ஒட்டினால் பாலக்காட்டு மழைக்கு நிற்காது, தகட்டில் எழுதிக் கட்டுங்கள். பின்னால் உட்காரலாம் என்றால் லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுக்கிற ஒருவர் மட்டும்தான், நண்பர்கள் கூடாது.

பிற்சேர்க்கை: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றிப் பலர் கேட்டார்கள். மோட்டார் 250 வாட்ஸுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் கீழே இருந்து, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல, லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. ஆனால் கடையில் "வேகத்தைக் கட்டுப்படுத்தும் லாக்கை எடுத்துத் தருகிறோம், மணிக்கு 45 கி.மீ. போகும்" என்பார்கள். எடுத்த நிமிஷமே அந்தச் சலுகை போய்விடும், அப்புறம் பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கேட்பார்கள். வாங்கும்போதே, அந்த மாடல் இந்த வரம்புக்குள் இருப்பதைக் காட்டும் வகை அங்கீகாரச் சான்றிதழ் கேட்டு வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள்.

இன்னொன்று, 16-இல் எடுத்த லைசென்ஸ் 18 ஆனதும் தானாகப் பெரிய வண்டிக்கு மாறிவிடாது. அந்த வகையைச் சேர்க்கத் தனியாக எல்.எல்.ஆர். போட்டு ஓட்டுநர் தேர்வுக்குப் போக வேண்டும்.